வேடந்தாங்கல்: ஊரும் அரசும் காக்கும் ஏரி

பருவமழையால் வேடந்தாங்கல் ஏரி நிறைந்து, நீரில் நிற்கும் கடம்ப மரக்கிளைகளில் நத்தைகுத்தி நாரையும் பாம்புத்தாராவும் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டுங்காலத்தில், வடதேசங்களிலிருந்து கிளுவையும் ஊசிவால் வாத்தும் இங்கு வந்து சேர்கின்றன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயல்களுக்கு உரமாவதை அனுபவத்தால் அறிந்த கிராம ஜனங்கள், வேட்டையைத் தடுக்க வேண்டுமென முறையிட்டு, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடமிருந்து ‘கவுல்’ என்னும் உரிமைப் பத்திரத்தைப் பெற்றனர். 1936-இல் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டு, 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் வரிசையில் இடம்பெற்ற இத்தலத்தை இன்று வனத்துறை பரிபாலித்து வருகிறதெனினும், ஊரார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காவலே அதற்கு அஸ்திவாரம். அன்பர்களே, ஆரவாரம் தவிர்த்து அத்தர்மத்தில் நீங்களும் பங்குகொள்ள வேண்டுகிறோம்.