ராபர்ட் காப்பா

ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டில், ஆடை தைக்கும் தொழில் நடத்திவந்த யூதக் குடும்பம் ஒன்றில், 1913ஆம் ஆண்டில் பிறந்தவர் எண்ட்ரே பிரீட்மன். பதினேழு வயதில் அரசை எதிர்த்த இளைஞரோடு சேர்ந்தமையால் சிறைப்பட்டு, 1931இல் தாய்நாட்டைத் துறந்தார். பெர்லினில் அரசியல் பயிலச் சென்றவரைப் புகைப்பட நிறுவனமொன்றின் இருட்டறைக்கு அழைத்துச் சென்றது வறுமையேயன்றிக் கலையார்வம் அன்று. 1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றவே, அங்கிருந்தும் பாரிசுக்கு ஓடினார்.

பெயரறியாத அகதியின் படங்களுக்குப் பாரிசில் நல்ல விலை கிடைக்கவில்லை. எனவே அவரும், அவருடைய தோழியும் யூத அகதியுமான கெர்டா டாரோவும் ஒரு தந்திரம் செய்தனர். ராபர்ட் காப்பா என்னும் அமெரிக்கச் செல்வர் எடுத்தவை எனச் சொல்லிப் படங்களை விற்றனர். குட்டு விரைவில் வெளிப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரை இருவரும் படம் பிடித்தனர். 1937இல் அப்போர்க்களத்திலேயே, டாங்கி மோதி டாரோ உயிர் நீத்தார்.

1939இல் காப்பா அமெரிக்கா சென்றார். ஆனால் ஹங்கேரி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்து போரிட்டமையால், தாம் பகைநாட்டவராகக் கருதப்பட்டதையும், காமிராவை ஒப்படைக்குமாறு அரசு பணித்ததையும் தம் நினைவு நூலில் அவர் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். அத்தகையவரே பின்னர் அமெரிக்கப் படையின் சீருடை அணிந்து, பத்திரிகைப் புகைப்படக்காரராக ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் வீரரோடு நடந்தார். போர்ச் செய்தியாளர் துப்பாக்கி ஏந்துதல் கூடாது என்பது விதி. காமிராவே அவர் கையிலிருந்தது.

1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேசப்படைகள் இறங்கின. ஒமாகா எனப் பெயரிடப்பட்ட கரையில் ஜெர்மானியரின் குண்டுகள் மழையெனப் பொழிந்தன. காப்பாவும் வீரரோடு நீரில் இறங்கிப் படமெடுத்தார். அவற்றுள் பத்துப் படங்களளவே எஞ்சின. மற்றவை இருட்டறையில் வெப்பத்தால் அழிந்தன என நெடுங்காலம் கூறப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் அதனை ஏற்பதில்லை. எஞ்சியவையும் தெளிவற்றவையே. ஆயினும், கழுத்தளவு நீரில் தவழும் வீரனின் மங்கிய உருவம் அந்நாளின் அச்சத்தை உணர்த்துமாறு, தெளிந்த படம் உணர்த்துமோ என்பது ஐயமே.

அமெரிக்கக் குடியுரிமை, போர் முடிந்தபின் 1946இல்தான் அவருக்குக் கிட்டியது. 1954ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், வியட்நாமில் பிரெஞ்சுப் படையுடன் சென்றபோது, சாலையினின்று விலகிப் படமெடுக்க நடந்தவர் கண்ணிவெடியை மிதித்து இறந்தார். வயல்வெளியில் முன்னேறும் வீரர்களை, அவர்கள் பின்னே நின்று எடுத்ததே அவருடைய கடைசிப் படங்களுள் ஒன்றாகும்.