கப்புக்குள் இருக்கும் காற்று

ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். லிட்டர் கணக்கோடு எடையும் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் 910 கிராம். அது ஏன் ஒரு கிலோ இல்லை? லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்பது தண்ணீரின் கணக்கு. எண்ணெயின் அடர்த்தி அதைவிடக் குறைவு. சூடு ஏறினால் எண்ணெய் விரிந்து இன்னும் லேசாகும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் சுமார் 919 கிராம் இருக்கும். 60 டிகிரியில் 893 கிராம்தான். வெப்பநிலையைக் கூட்டிக் காட்டினால் அதே லிட்டரில் எடை குறைந்துவிடும் என்பதால்தான், வெப்பநிலையைக் காட்டாமல் கொள்ளளவையும் எடையையும் சேர்த்து அச்சிடும்படி 2022இல் மத்திய அரசு எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது. வாங்குகிறவர்கள் பக்கம் நின்று எடுத்த நல்ல முடிவு அது.

திரவத்துக்கே இந்தப் பாடு என்றால் மாவுக்கும் சர்க்கரைக்கும் கேட்கவே வேண்டாம். அங்கே பொருளோடு காற்றையும் சேர்த்து அளக்கிறோம். 240 மில்லி கப் ஒன்றில் இண்டு இடுக்கு இல்லாமல் சர்க்கரை மட்டுமே இருந்தால் 380 கிராம் இருக்க வேண்டும். தராசில் வைத்தால் 200 கிராம் அளவில்தான் காட்டும். கப்பில் கிட்டத்தட்ட பாதி காற்று! மைதாவில் மூன்றில் இரண்டு பங்கு காற்று.

மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் மெல்லப் போட்டு, கத்தியால் மேலே வழித்தால் ஒரு கப் மைதா 120 கிராம் சுமாருக்கு வரும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம்வரை போகும். கேக் வறண்டு கெட்டியாகிப் போனால் அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். பாஸ்டனில் 1896இல் வெளிவந்த ஃபேன்னி ஃபார்மரின் சமையல் புத்தகம், தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆனால் தலைதட்டினால் மேலே குவிவதுதான் நிற்கும். உள்ளே அமுங்கியிருப்பது அப்படியே இருக்கும்.

கப்பும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் குட்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான்.

அப்படியானால் ஆழாக்கையும் படியையும் வைத்துச் சமைத்தவர்களுக்கு எப்படிச் சரியாக வந்தது? அவர்கள் கணக்கு விகிதக் கணக்கு. இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. பொங்கலுக்கும் சாதத்துக்கும் அரிசி அளந்த டம்ளரிலேயே தண்ணீர். டம்ளர் பெரிதோ சிறிதோ, விகிதம் மாறாது. அரிசியும் உளுந்தும் மாவைப்போல அமுங்குவதும் இல்லை. இந்தச் சமையலுக்குத் தராசு தேவையில்லை என்றே சொல்வேன். தராசு வேண்டியது கேக், பிஸ்கட், ரொட்டிக்கு. ஊறுகாய்க்கும் வேண்டும்: ஒரு டீஸ்பூன் தூளுப்பு 6 கிராம் இருக்கும், கல்லுப்பில் இடைவெளி கூடுதல், அதே ஸ்பூனில் எடை குறையும்.

கப்பைக் கிராமாக மாற்றிச் சொல்லும் இணைய அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும், கப்பின் அளவும் அள்ளும் விதமும் இப்படி மாறுவதால்தான். உங்கள் வீட்டு டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். வழக்கமாக எப்படி அள்ளுவீர்களோ அப்படியே மைதாவை அள்ளி நிறுத்துப் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரியை எழுதி, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். ரவைக்கும் கடலை மாவுக்கும் தனித்தனியாக நிறுத்து எழுத வேண்டும். மைதாவின் எண் அவற்றுக்குப் பொருந்தாது.