இழப்பீடு வரும், காரணம் வராது: அமெரிக்க ‘வேக்சின் கோர்ட்’டில் நடக்கும் சமரசம்

ஃப்ளூ ஊசி போட்ட 50-வது நாள் ஒருவருக்குக் கால்கள் மரத்துப்போகின்றன. ‘கில்லன் பாரே சிண்ட்ரோம்’ என்கிறார் டாக்டர். ‘ஊசியாலதான் வந்துச்சு’ என்கிறது குடும்பம். ‘அப்படிச் சொல்லிட முடியாது’ என்கிறது அரசு. அமெரிக்காவில் இந்த வழக்கு எப்படி முடியும்?

வழக்கு யார் மீது?

ஊசி தயாரித்த கம்பெனி மீது இல்லை. அரசின் சுகாதாரத் துறைச் செயலர் மீது. 1980-களில் முத்தடுப்பு ஊசிக்கு எதிராக வழக்குகள் குவிய, கம்பெனிகள் தயாரிப்பையே நிறுத்தத் தொடங்கின. குழந்தைகளுக்கு ஊசி கிடைக்காமல் போகும் அபாயம். அதனால் 1986-ல் தனிச் சட்டம் வந்தது. 1988-ல் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. வழக்கைக் கேட்பவர் ‘ஸ்பெஷல் மாஸ்டர்’ எனப்படும் சிறப்பு நடுவர்.

பணம் எங்கிருந்து?

ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. மூன்று நோய்களைத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி என்றால் 2.25 டாலர்.

சிக்கல் எங்கே?

ஃப்ளூ ஊசிக்குப் பின் 3 முதல் 42 நாட்களுக்குள் இந்த நோய் தொடங்கினால், ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வேறு காரணம் இருந்தால் அதை அரசுதான் நிரூபிக்க வேண்டும். 50-வது நாள் என்றால் நிரூபிக்கும் பொறுப்பு பாதிக்கப்பட்டவர் தலையில். நிபுணர் சாட்சி, மருத்துவ ரெக்கார்டுகள் என வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். ஜெயிப்போமா என்பது இரு தரப்புக்கும் தெரியாது. அங்கேதான் ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்ற பேச்சு வருகிறது.

சமரசத்தில் என்ன எழுதுவார்கள்?

‘ஊசியால் பாதிப்பு வந்ததை அரசு மறுக்கிறது, ஆனாலும் இந்தத் தொகையைத் தர இரு தரப்பும் சம்மதிக்கின்றன.’ சாரம் இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டால் அதே பாதிப்புக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. இந்தத் திட்டத்தில் தரப்படும் இழப்பீடுகளில் சுமார் 60 சதவீதம் இப்படிப்பட்ட சமரசங்கள்தான்.

கவனிக்க வேண்டியவை

* முதல் அறிகுறி தெரிந்த 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.
* வலி, வேதனைக்கான தொகைக்கு உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர். மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தனி.
* நியாயமான அடிப்படையும் நல்லெண்ணமும் இருந்தால், தோற்றாலும் வக்கீல் ஃபீஸை இந்தத் திட்டமே தரலாம்.
* அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. அங்கே ஊசி போட்டுக்கொண்ட நம்ம ஊர் ஐடி ஊழியரும் மனு செய்யலாம்.
* கொரோனா ஊசிக்கு வேறு திட்டம். அதில் கெடு, ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே ஆண்டு.

அப்படியென்றால்?

‘ஊசியால் பாதிப்பு, அரசு கோடிகளைக் கொடுத்தது’ என்று ஃபார்வர்டு வந்தால், அது தீர்ப்பா, சமரசமா என்று முதலில் பாருங்கள். சமரசம் என்றால், ஊசிதான் காரணம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. பாதிக்கப்பட்டவர் பொய் சொன்னார் என்றும் அதற்கு அர்த்தமில்லை. ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைத்திருக்கிறது. ‘எதனால் வந்தது?’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.