ஓடத்தின் பின்பலகை

காற்றுக் கலத்தை முதுகில் தாங்கிக் கடலடி காண உதவும் கருவியைக் கூஸ்தோ, காஞ்யான் என்னும் பிரெஞ்சு நாட்டார் இருவர் 1943ஆம் ஆண்டில் அமைத்தனர். அதன்பின் கடலில் மூழ்குதல் பலர்க்கும் பொழுதுபோக்காயிற்று. அவருள் சிலர் தம் சிற்றோடத்தையும் தாமே செப்பனிட்டு மகிழ்வர்.

1958இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பாஸ்டன் வேலர் என்னும் ஓடம், கண்ணாடியிழைத் தோல்கள் இரண்டினிடையே நுரைப்பொருள் செறிந்தது. 1961இல் நடுவே அறுத்துக் காட்டியபோதும் அது மிதந்தது! அத்தகைய ஓடத்துக்கும் நோய் உண்டு. எந்திரத்தைத் தாங்கும் பின்பலகையின் உள்ளீடு மரமாகும். திருகாணித் துளை வழியே கசியும் நீர் அதனை இற்றுப்போகச் செய்யும். புறத்தோலோ பளபளப்புக் குன்றாது. பலகை முறிந்து எந்திரம் கடலில் வீழுமாயின், ஓட்டுவோன் செயலற்று நீரோட்டத்தின் வழிச் செல்வான். மூழ்கியோன் மேலெழுந்து காண்பது வெறுங்கடலே.

ஆதலின் சிறு சுத்தியால் பலகையைத் தட்டிப் பார்ப்பர். நன்மரம் கணீரென ஒலிக்கும். இற்ற மரத்தின் ஒலி மந்தமாகும். இற்றதனைச் சுரண்டி எடுத்து, எஞ்சியதை நன்கு உலர்த்துவர். பொறுமையைச் சோதிப்பது இவ்வுலர்த்தலே. ஈரத்தின்மேல் பிசின் பற்றாதன்றோ? பின்னர் ஒட்டுப்பலகையை எப்பாக்சிப் பிசினால் பதித்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்துவர். புதிய துளைகளைப் பெரிதாக இட்டுப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே சிறுதுளையிட்டுத் திருகாணியைப் பொருத்துவர்; அப்பிசின், நீர் மரத்தைத் தீண்டாமல் காக்கும்.