மோட்டார் சைக்கிளும் மிஸ் ஷில்லிங்கும்

வீட்டில் மோட்டார் சைக்கிள் பழுதானால் என்ன நடக்கும்? அப்பாவோ அண்ணனோ ஸ்பானரை எடுப்பார்கள். நாம் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்போம். பெண் பிள்ளை கையில் கிரீஸ் படக்கூடாதாம்! இங்கிலாந்தில் ஒரு சிறுமி விளக்குப் பிடிப்பதோடு நின்றுவிடவில்லை. அவர் பெயர் பீட்ரிஸ் ஷில்லிங்.

1909-ஆம் ஆண்டு பிறந்த அவர், 14 வயதிலேயே ராயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். (பின்னாளில் நம் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்த அதே பெயர்தான்.) ஓட்டியதோடு, எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் பழகினார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். 1934-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் வண்டியை மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். நம் அன்னையர் இதைப் படித்துவிட்டு நெஞ்சில் கை வைப்பார்கள்!

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. அதைப் புரிந்துகொள்ளக் கார்புரேட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டிகளில், டாங்க்கிலிருந்து இறங்கும் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்தில் தேங்கும். அதில் மிதவை ஒன்று உண்டு. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பார்த்திருப்போமே, அதே வேலைதான். பெட்ரோல் நிறைந்தால் மிதவை உயர்ந்து வழியை அடைக்கும். குறைந்தால் தாழ்ந்து திறக்கும். கிண்ணத்தின் அடியிலுள்ள நுண்துளை வழியே எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சும். மிதவை சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வழியும். மெக்கானிக் "ஓவர்ஃப்ளோ" என்று சொல்லி, ஸ்பானரால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டுவது அதை விடுவிக்கத்தான். பெட்ரோல் குறைந்தால் மட்டுமல்ல, மிகுந்தாலும் எஞ்சின் அணைந்துவிடும்.

1940-இல் பிரிட்டன்மீது நடந்த வான்போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினிலும் இத்தகைய மிதவைக் கார்புரேட்டரே இருந்தது. விமானி மூக்கைச் சட்டெனக் கீழே தாழ்த்தினால், கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எழும்பிவிடும். அடித்துளை காற்றை உறிஞ்ச, எஞ்சின் ஒரு கணம் விக்கும். அத்துடன் மிதவையும் நிலை தவறுவதால் வழி முழுதும் திறந்து, பெட்ரோல் வெள்ளமாய்ப் பாய்ந்து எஞ்சினை அணைத்துவிடும். ஜெர்மானிய விமானங்களில் பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் முறை இருந்ததால், அவை கீழ்நோக்கிப் பாய்ந்து எளிதில் தப்பின. துரத்தியவர்களோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தவித்தனர்.

பீட்ரிஸ் 1936 முதல் ஃபார்ன்பரோ அரசு விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றி வந்தார். அவர் கண்ட வழி மிகவும் எளியது: நடுவில் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் தகடு. எஞ்சின் முழு ஆற்றலோடு ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவுதான் அத்துளை வழியே செல்லும். மிதவை என்ன கூத்தாடினாலும் வெள்ளம் பாயாது. முதலில் வரும் விக்கலை அது முழுதும் நிறுத்தவில்லை. ஆனால் எஞ்சின் அணைவது நின்றது. விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலே பொருத்த முடிந்தது இன்னொரு நன்மை. 1941-இல் அவரும் அவருடைய குழுவினரும் விமானத் தளம் தளமாகச் சென்று அதைப் பொருத்தினர். அவர் வந்து இறங்கியது தமது மோட்டார் சைக்கிளில்தான்!

விமானிகள் அத்தகட்டை மிஸ் ஷில்லிங்கின் பெயராலேயே அழைத்தனர். 1938-லேயே அவருக்குத் திருமணமாகியிருந்தது. அதை யார் கவனித்தார்கள்? கணவர் ஜார்ஜ் நெய்லரும் புரூக்லண்ட்ஸில் 100 மைல் வேகத்தைத் தாண்டித் தங்க நட்சத்திரம் பெற்ற பிறகுதான் அவர் திருமணத்திற்குச் சம்மதித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

போருக்குப் பின் இருவரும் கார்ப் பந்தயங்களில் இறங்கினர். 1969 வரை ஃபார்ன்பரோவில் பணிபுரிந்த பீட்ரிஸ், 1990-இல் தமது 81-ஆவது வயதில் காலமானார். இப்போது வரும் புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் முறையே உள்ளது. ஆயினும் அப்பாவின் பழைய வண்டியில் அந்தக் கிண்ணம் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை அது வழியும்போது, டார்ச்சை அண்ணன் பிடிக்கட்டும்.