துயரத்தின் கட்டுமானம்: பாஹின் பி மைனர் ஃப்யூகை முன்வைத்து

ஏற்காட்டில் பியானோ என்றதும் பங்களாதான் ஞாபகம் வருகிறது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே எஸ்டேட், பங்களா, கான்வென்ட். காப்பிக்காட்டில் உழைத்த மலையாளிப் பழங்குடிகளுக்கு அந்த வாத்தியம் சுவருக்கு அந்தப்பக்கத்துச் சமாச்சாரம். ‘துரைமார் சங்கீதம் நமக்கெதுக்கு?’ என்று தோழர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் யார் வீட்டில் இருந்தது என்பது ஒரு கேள்வி, எப்படி வேலை செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதுக்குப் பதில் தெரிந்துவிட்டது என்பதற்காக இரண்டாவதை விட்டுவிட முடியாது.

பாஹ் 1722இல் தொகுத்த 24 ப்ரெலூட்-ஃப்யூக் ஜோடிகளில் கடைசி, பி மைனர். ப்ரெலூடில் கீழ்க்குரல் ஒரே சீராக நடந்துகொண்டேயிருக்கிறது. மேலே இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. சோகம்தான், ஆனால் நடமாடுகிற சோகம். ஃப்யூகில் நடை கனத்துவிடுகிறது. மெதுவாக, ‘லார்கோ’ என்று பாஹே எழுதியிருக்கிறார். ஃப்யூக் என்றால், ஒரு குரல் சொன்ன கருவை மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக நுழைந்து எடுத்துக்கொள்வது. இங்கே கருவே இரண்டிரண்டு சுரங்களாக இறங்கும் பெருமூச்சுகளால் ஆனது. அந்தச் சின்ன வாக்கியத்துக்குள் 12 சுரத்தானங்களும் வந்துவிடுகின்றன. கமகம் பிடிக்க முடியாத வாத்தியத்தில் அரைச்சுர இறக்கம்தான் அழுகிறது.

இந்த உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? பி மைனர் என்றாலே விசித்திரம், வாட்டம் என்று 1713இல் மாத்தேசன் பட்டியல் போட்டார். நம்மூரில் துக்கமென்றால் முகாரி என்கிறோமே, அதுமாதிரி. 1720இல் பாஹின் மனைவி இறந்ததைக் காரணமாகச் சொல்வதும் சுலபம். இரண்டுமே குறுக்குவழிகள். துயரம் சுருதியிலும் இல்லை, ஆசிரியன் வாழ்க்கையிலும் இல்லை. குரல்கள் மோதிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. ஒரு குரல் பெருமூச்சை முடிப்பதற்குள் இன்னொன்று தன் துயரத்தைத் தொடங்கிவிடுகிறது. யாருமே யாரையும் ஆற்றுவதில்லை. முடிவில் வரும் மேஜர் ஒலிக்கோவை அக்காலத்து வழக்கம். அதை ஆறுதலாக வாசிக்க வேண்டியதில்லை.

‘பல்குரல்’ என்று நாம் சதா சொல்கிறோம். பக்தின் 1929இல் தஸ்தயெவ்ஸ்கியைப் பேசும்போது எடுத்தாண்ட உருவகம் இசையிலிருந்து வந்தது. ஆனால் ஃப்யூக் நாம் நினைக்கிற மாதிரி சுதந்திர மேடையல்ல. நான்கு குரல்களும் ஒரே கருவைத்தான் சொல்லியாக வேண்டும், அதுவும் குறித்த இடத்தில். அதேசமயம் எந்தக் குரலும் வெறும் பக்கவாத்தியமில்லை. அடியிலிருக்கும் குரலுக்கும் முழுக்கரு உண்டு. கட்டளையும் சமத்துவமும் ஒரே உடம்பில் இருக்கின்றன.

ஆகவே பல்குரல் என்று எழுதும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். எத்தனை குரல் என்பதல்ல, கருவை முதலில் நிர்ணயித்தது யார்? கடைசியில் நுழைகிற குரலுக்கு அது முழுசாகக் கிடைத்ததா? சேர்வராயன் மலையின் வரலாற்றை எழுதப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் சங்கீத விவகாரம் மட்டுமல்ல.