கிழக்கு லண்டன் தொகுதியும் நம் பிள்ளைகளின் வாக்கும்

லண்டன் பிரிக் லேன் தெருவிலுள்ள ஜாமிஆ பள்ளிவாசலின் கட்டடம் பள்ளிவாசலாகக் கட்டப்பட்டதல்ல. பிரான்ஸில் மத ஒடுக்குமுறைக்கு அஞ்சி ஓடிவந்த புராட்டஸ்டன்டு கிறிஸ்தவர்கள் 1743-ல் எழுப்பிய தேவாலயம் அது. 1898-ல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடமானது. 1976-ல் சில்ஹெட் பகுதி வங்காளி முஸ்லிம்கள் கைக்கு வந்தது. அடுத்தடுத்து குடியேறியோரின் வரலாறு அந்தச் சுவர்களிலேயே இருக்கிறது.

இப்பகுதி முன்பு பெத்னல் கிரீன் அண்ட் போ தொகுதியில் இருந்தது. 2024 முதல் பெத்னல் கிரீன் அண்ட் ஸ்டெப்னி தொகுதி.

1978 மே 4, உள்ளாட்சித் தேர்தல் நாள். அன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற தையல் தொழிலாளியை இனவெறியர்கள் குத்திக் கொன்றனர். அவருடைய ஜனாஸாவின் பின்னால் ஆயிரக்கணக்கானோர் பிரதமர் இல்லம் நோக்கி நடந்தனர். வங்காளி இளைஞர்கள் உள்ளூர் அரசியலில் தீவிரமாக இறங்கியது இதன் பிறகுதான்.

'முஸ்லிம்கள் மொத்தமாக ஒரே கட்சிக்குத்தான் போடுவார்கள்' என்பார்கள். இத்தொகுதி அதைப் பொய்யாக்கியிருக்கிறது. இராக் போரை ஆதரித்த லேபர் கட்சி உறுப்பினர் ஊனா கிங், 2005-ல் ஜார்ஜ் கேலவேயிடம் 823 வாக்குகளில் தோற்றார். 2010-ல் சில்ஹெட்டில் பிறந்த ருஷனாரா அலி தொகுதியை லேபருக்கு மீட்டார். 2019-ல் அவரது வாக்கு வித்தியாசம் 37,524. காஸா விஷயத்தில் கட்சியின் நிலைப்பாடு மக்களைக் கொதிக்கவைத்த பின், 2024-ல் அது வெறும் 1,689!

எண்ணிக்கை பலத்தால் மட்டும் நடந்ததல்ல இது. இத்தொகுதி அமைந்த டவர் ஹாம்லெட்ஸ் நகராட்சியில் 2021 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் சுமார் 40 சதவீதம்தான். இங்கிலாந்தில் அதிகபட்சமே அவ்வளவுதான். மற்றவர்களின் வாக்கும் இல்லாமல் அங்கு யாரும் வெல்வது கடினம்.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால்தான் ஓட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. முறையான விசாவில் அங்கு வசிக்கும் 18 வயது நிரம்பிய இந்திய, இலங்கைக் குடிமக்கள், காமன்வெல்த் நாட்டவர் என்பதால், நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். படிக்கப் போன மாணவருக்கும் இது பொருந்தும்.

பெயர் தானாகச் சேராது. தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் அவரவரே பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். அதற்கு நம் நாட்டுப் பாஸ்போர்ட்டே போதும்.